கறுவாவை நம்பிக் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். அப்பாவுக்கு 68 வயது, நிறை 62 கிலோ. பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். மெட்ஃபோமின் 500 மில்லிகிராம் குளிசை காலையும் இரவும், கொலஸ்ட்ரோலுக்கு அட்டோர்வாஸ்டட்டின் இரவில் ஒன்று. யூடியூப்பில் ஒரு வீடியோ பார்த்த பிறகு ஐந்து கிழமையாக மெட்ஃபோமினைத் தொடுவதில்லை. காலையில் வெறுவயிற்றில் ஒரு தேக்கரண்டி கறுவாத்தூளும் இரண்டு தேக்கரண்டி தேனும் சுடுதண்ணீரில் கலந்து குடிக்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா கறுவா கப்சியூல் போத்தல் ஒன்று அனுப்பியிருக்கிறார். ஒன்றில் 1000 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. நாளுக்கு நான்கு விழுங்குகிறார். முன்பு வெறுவயிற்றுச் சீனி 128 இருந்தது, போன கிழமை 176. கேட்டால், "எனக்கு ஒண்டும் செய்யேல்லை. வெள்ளைக்காரன் எங்கட கறுவாவைத் தேடிச் சும்மாவோ கப்பலேறி வந்தவன்?" என்கிறார். கறுவா உண்மையிலேயே சீனியைக் குறைக்குமா? ஏழு மாதக் கர்ப்பிணியான தங்கச்சியையும் அதையே குடிக்கச் சொல்கிறார். குடிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கறுவாவைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. அதற்கு முன் ஒன்று: இந்தக் கிழமையே அப்பாவை அவர் வழமையாகப் போகும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கொப்பியில் எழுதிய திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். போகும்போது அந்தக் கப்சியூல் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். கனடா கப்சியூலை இன்றே நிறுத்தலாம், அதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். தேனையும் இன்றே விடலாம். ஒரு தேக்கரண்டி தேனில் சுமார் 6 கிராம் சீனி இருக்கிறது. இரண்டு கரண்டி என்றால் ஏறத்தாழ 12 கிராம். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி போட்டால் எவ்வளவோ, அவ்வளவு. சீனியைக் குறைக்கவென்று குடிக்கும் தண்ணீரிலேயே இவ்வளவும் போகிறது.

அப்பா தனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது பொய்யில்லை. அவருக்கு உடம்பில் உண்மையிலேயே ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. இரத்தத்தில் சீனி ஏறக்குறைய 180ஐத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் அதைச் சிறுநீரோடு வெளியே விடத் தொடங்கும். அடிக்கடி சலம் போவது, தாகம், களைப்பு, உடல் மெலிவது எல்லாம் பெரும்பாலும் அதற்குப் பிறகு வருபவை. 150இலும் 170இலும் நிற்கும் சீனி ஒரு சத்தமும் போடாது. ஆனால் கண்ணின் பின்பக்க இரத்தக்குழாயையும், கால் நரம்பையும், சிறுநீரக வடிகட்டியையும் அரித்துக்கொண்டே இருக்கும். இதனால்தான் நீரிழிவில் உடம்பைக் கேட்டு மருந்தை முடிவு செய்ய முடியாது, இரத்தத்தைத்தான் கேட்க வேண்டும். ஹெச்.பி.ஏ.1சி என்ற பரிசோதனை கடைசி இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். குளிசை நிறுத்தி ஐந்து கிழமைதான் என்பதால் இப்போது எடுத்தால் முழுக் கதையும் அதில் தெரியாது. என்றாலும் எடுங்கள், அடுத்த முறை ஒப்பிட உதவும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். அப்பா குளிசையை ஏன் நிறுத்தினார்? வீடியோ பார்த்தார் என்பது மட்டும் காரணமாக இருக்காது. கிளினிக்கில் நான் சந்திக்கும் அப்பாமாரிடம் ஆறுதலாகக் கேட்டால் இரண்டில் ஒன்று வெளியே வரும். ஒன்று, மெட்ஃபோமின் போட்டால் வயிறு ஊதுகிறது, வயிற்றோட்டம் வருகிறது, பஸ்ஸில் காலி வீதியில் நெரிசலில் நிற்கும்போது அவசரம் வந்துவிடுமோ என்ற பயம். இதை மகளிடம் சொல்ல வெட்கப்படுவார்கள். வைத்தியரிடமோ, வெளியே வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது சொல்ல நேரமே இல்லை. இதற்கு வழி இருக்கிறது. குளிசையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். அப்படியும் சரிவரவில்லை என்றால் மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபோமின் இருக்கிறது, பலருக்கு அது வயிற்றைக் குழப்புவதில்லை. ஐந்து கிழமை விட்ட பிறகு எந்த அளவில் தொடங்குவது, எப்படிக் கூட்டுவது என்பதையும் வைத்தியர் சொல்வார்.

இரண்டாவது காரணம், "இந்தக் குளிசை கிட்னியைப் பழுதாக்கும்" என்ற பேச்சு. திருமண வீட்டிலும் செத்த வீட்டிலும் இதைச் சொல்ல ஒருவர் கட்டாயம் இருப்பார். நடப்பது வேறு. நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்தைக் கெடுப்பது வருடக்கணக்காக ஏறி நிற்கும் சீனியும் பிரஷரும். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாகிவிட்டால் மெட்ஃபோமின் உடம்பில் தேங்கக்கூடும் என்பதால், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற அளவு 45இற்குக் கீழே போனால் மருந்தின் அளவைக் குறைப்போம், 30இற்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். இந்தக் காவல் நடவடிக்கையைத்தான் சனங்கள் காரணமாக மாற்றிப் பேசுகிறார்கள். அப்பாவின் அளவு என்ன என்று கேட்டு அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். எண்ணைக் கேட்டால் பல பேருக்குப் பயம் தெளிகிறது. மெட்ஃபோமினால் நீண்ட காலத்தில் வரக்கூடிய ஒரு குறை விற்றமின் பி12 குறைவது. பன்னிரண்டு வருடம் போட்டவர் என்பதால் அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூலிகை என்றால் நம்பிக்கை, குளிசை என்றால் பயம் என்று அப்பா இருப்பாரானால் இதையும் சொல்லுங்கள்: மெட்ஃபோமின் வந்த வழியும் ஒரு செடிதான். ஐரோப்பாவில் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலம் பாவித்த கலேகா என்ற செடியில் இருந்த பொருளை ஆராய்ந்துபோய், நச்சுத்தன்மை குறைந்த ஒன்றைத் தேடியதில் கிடைத்தது இது.

இனிக் கறுவா.

2003இல் பாகிஸ்தானில் நடந்த ஓர் ஆய்விலிருந்துதான் இந்தப் பேச்சு உலகமெல்லாம் பரவியது. நீரிழிவுள்ள 60 பேர். நாளுக்கு 1, 3, 6 கிராம் என்று கறுவாவோ வெற்றுக் கப்சியூலோ 40 நாள் கொடுத்தார்கள். கறுவா எடுத்தவர்களுக்கு வெறுவயிற்றுச் சீனி 18 முதல் 29 வீதம் குறைந்தது. கேட்க நல்லாயிருக்கிறது. அப்பா பார்த்த வீடியோவும் இதைத்தான் சொல்லியிருக்கும். அந்த வீடியோ சொல்லாமல் விட்டிருக்கக்கூடியவை இரண்டு. அந்த 60 பேரும் தங்கள் சீனிக் குளிசையை நிறுத்தவில்லை, அதோடு சேர்த்துத்தான் கறுவாவை எடுத்தார்கள். அடுத்தது, அவர்கள் எடுத்தது நம் நாட்டுக் கறுவா இல்லை, காசியா என்ற சீன வகை.

அதன் பிறகு நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இதையே செய்து பார்த்தபோது குறிப்பிடத்தக்க பலன் வரவில்லை. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 10 ஆய்வுகளை, மொத்தம் 577 பேரின் விபரங்களை, ஒன்றாகப் பார்த்து, நீரிழிவுக்குக் கறுவாவைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2013இல் வந்த இன்னொரு தொகுப்பு, வெறுவயிற்றுச் சீனி சராசரியாக 24 அளவில் இறங்குகிறது, ஆனால் ஹெச்.பி.ஏ.1சி அசையவில்லை என்றது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் நம் நாட்டுக் கறுவாவை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பாதுகாப்பைப் பார்த்த முடிவுகள் 2017இல் வெளிவந்தன. நம் கறுவாவை நாமே ஒழுங்காகப் பரிசோதிப்பது எனக்கு மிகுந்த சந்தோசம். நல்ல முடிவு வந்தால் முதலில் எழுதிக் கொடுப்பவன் நானாக இருப்பேன். இன்றைக்குக் கையில் இருப்பதை வைத்துப் பார்த்தால், கறுவாவில் கொஞ்சம் பலன் இருக்கலாம், அது குளிசையின் இடத்தைப் பிடிக்கும் அளவுக்கு இல்லை. உங்கள் வீட்டில் 128 என்பது 176 ஆனதே அதற்குச் சாட்சி.

கப்சியூலை ஏன் இன்றே நிறுத்தச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். உலகச் சந்தையில் கறுவா என்ற பெயரில் இரண்டு பட்டைகள் விற்கின்றன. நம்முடையது மெல்லிய பட்டை, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுருள் செருகியிருக்கும், கையால் நொறுக்கலாம், வாசம் மென்மை, நிறம் இளம் மண்ணிறம். காசியா தடித்த ஒற்றைப் பட்டை, இரண்டு பக்கமும் உள்நோக்கிச் சுருண்டிருக்கும், மரக்கட்டைபோலக் கடினம், காரம் கூட. காசியாவில் கூமரின் என்ற பொருள் நிறைய உண்டு. ஈரலுக்கு அது ஆகாது. சிலருக்குக் கொஞ்ச அளவிலேயே ஈரலைத் தாக்கும். நம் கறுவாவில் அது மிக மிகக் குறைவு.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை வைத்திருக்கும் எல்லை, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின். அப்பா 62 கிலோ, ஆகவே 6.2 மில்லிகிராம். காசியாத் தூளில் ஒரு கிராமுக்குச் சராசரியாக 3 மில்லிகிராம் கூமரின் இருப்பதாக ஜேர்மனியில் அளந்திருக்கிறார்கள். நாலு கப்சியூல், நாலு கிராம், 12 மில்லிகிராம். எல்லையின் ஏறத்தாழ இரண்டு மடங்கு, நாள் தவறாமல், அதுவும் ஈரல் வழியாகப் போகும் அட்டோர்வாஸ்டட்டினோடு சேர்ந்து. வட அமெரிக்காவில் சிலோன் கறுவா என்று லேபிளில் தெளிவாகப் போடாவிட்டால் உள்ளே இருப்பது பெரும்பாலும் காசியாதான். உலகத்துக்கே நல்ல கறுவாவை அனுப்பும் நாட்டில் இருந்துகொண்டு, கனடாவிலிருந்து காசியாவை வரவழைத்து விழுங்குகிறார் அப்பா. அண்ணாவைக் குறை சொல்ல வேண்டாம், பாசத்தில்தான் அனுப்பியிருக்கிறார். ஈரல் பரிசோதனை ஒன்றும் செய்யச் சொல்லிக் கிளினிக்கில் கேளுங்கள்.

அப்பாவின் வெள்ளைக்காரன் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். 1505இல் போர்த்துக்கேயர் வந்தார்கள், 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தார்கள், 1796இல் ஆங்கிலேயர். கறுவாவுக்கு இதில் பெரிய பங்கு இருந்தது உண்மை. கொழும்பு 7இலே கறுவாத்தோட்டம் என்ற பெயர் இன்னும் நிற்கிறது. அவர்கள் அதைத் தேடியது உணவுக்கும் வாசனைக்கும் வயிற்றுக்கும், அதைவிட மேலாகக் காசுக்கு. சீனி வருத்தத்துக்கு யாரும் தேடி வரவில்லை.

நம் முன்னோரும் சீனிக்கு முதல் மருந்தாகக் கறுவாவைப் பிடிக்கவில்லை. சித்த வைத்தியத்தில் நீரிழிவுக்குப் பேர்போன ஆவாரைக் குடிநீரை எடுங்கள்: ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரை, கோட்டம், மருது. கறுவா அந்த வரிசையில் இல்லை. இதில் வரும் கடலழிஞ்சிலைத்தான் சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு என்கிறார்கள். அதன் கட்டையில் கடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது இந்த நாட்டின் பழைய வழக்கம். மாச்சத்து குடலில் உடைந்து சீனியாவதை அது தாமதப்படுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக நாளைக்கே புறக்கோட்டைக்குப் போய் அந்தக் குவளையை வாங்கிவிடாதீர்கள். மெட்ஃபோமினைத் தொடர்ந்தபடி சித்த மருந்தும் எடுக்க அப்பா விரும்பினால், பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் போய், போடும் குளிசை எல்லாவற்றையும் காட்டி, இரண்டு பக்கமும் தெரிந்தே நடக்கட்டும். எனக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை.

கறுவாவுக்கு மரபு கொடுத்த இடம் வயிறு, நெஞ்சு, வாய். பசிமந்தம், வயிற்றுப் பொருமல், குமட்டல், சளி இருமல், வாய் நாற்றம், பல்வலி. சாப்பாட்டுக்குப் பிறகு கறுவா அவித்த தண்ணீர் குடித்தால் பொருமல் இறங்குவது பலரின் அனுபவம். அதன் வாசத்துக்குக் காரணமான சினமல்டிஹைட் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுகூடத்தில் பார்க்கலாம். கறுவா இலை எண்ணெயில் யூஜினோல் நிறைய உண்டு, கராம்பில் இருப்பதும் அதுதான். பல் வைத்தியர்களும் யூஜினோலைப் பாவிக்கிறார்கள், ஆகவே பல்வலிக்குப் பஞ்சில் ஒரு துளி வைத்த ஆச்சிமார் காரணத்தோடுதான் வைத்தார்கள். ஒரு துளிக்கு மேல் போனால் முரசு வெந்துவிடும். எண்ணெயைக் குடிக்கவே கூடாது. இருமலுக்குக் கொடுக்கும் சிதோபலாதி சூரணம் வீட்டில் இருந்தால் அப்பாவுக்குக் கவனம்: கறுவா 1 பங்கு, ஏலம் 2, திப்பிலி 4, மூங்கிலுப்பு 8, கற்கண்டு 16. பாதிக்கு மேல் சீனி.

நீரிழிவுக்காரருக்குக் கறுவா செய்யும் உண்மையான உதவி ஒன்றை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த வாசம் நாக்கில் இனிப்பைக் கூட்டிக்காட்டும். விரல் நீளத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அதில் தேயிலை போட்டு, ஒரு துண்டு இஞ்சியும் தட்டிப் போடுங்கள். சீனி இல்லாமல் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் முகம் சுளிப்பார், பிறகு பழகிவிடும். நாளுக்கு மூன்று தேத்தண்ணியில் இரண்டிரண்டு கரண்டி சீனி போனால் அதுவே ஏறத்தாழ 24 கிராம் குறையும். எந்தக் கப்சியூலும் இதைச் செய்யாது. அப்பாவுக்கும் தன் கறுவாவை விட்டுக்கொடுத்த மனக்குறை இருக்காது. அவரைத் தோற்கடித்துக் குளிசையைத் திணித்தால் அது குப்பை வாளிக்குள்தான் போகும். கறுவாவை வைத்துக்கொண்டே குளிசைக்குத் திரும்ப வழிவிடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரையோரம் கால் மணிநேரம் அவரோடு சேர்ந்து நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறையும், பேசவும் நேரம் கிடைக்கும்.

நம் நாட்டுக் கறுவாத் தூள் நாளுக்கு அரைத் தேக்கரண்டி, கறியிலோ தேத்தண்ணியிலோ, அப்பாவுக்குப் போதும். வெறுந்தூளை வாயில் போட்டு விழுங்கக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலைப் புண்ணாக்கும். வாங்கும்போது தூளாக வாங்காமல் பட்டையாக வாங்கி வீட்டில் அரையுங்கள். 2023இல் அமெரிக்காவில் பிள்ளைகளின் அப்பிள் கூழில் போட்ட கறுவாத்தூளில் ஈயம் கலந்திருந்தது பெரிய செய்தியானது. இங்கிருந்து போன பட்டையில் ஈயம் இல்லை என்றும், எக்குவடோரில் தூளாக்கிய பிறகே கலப்படம் நடந்திருக்க வேண்டும் என்றும் விசாரணையில் வந்தது. பட்டையில் கலப்படம் செய்வது கடினம். மெல்லியதில் மெல்லியது அல்பா என்ற ரகம், விலை அதிகம். வீட்டுப் பாவனைக்கு அது தேவையில்லை, சி5, சி4 ரகங்களே தாராளம்.

தங்கச்சிக்கு: கறியில், தேத்தண்ணியில் போடும் கறுவா பயமில்லை. தினம் கரண்டிக் கணக்கில் தூள், கப்சியூல், எண்ணெய் மூன்றும் வேண்டாம். கர்ப்பகாலச் சீனிப் பரிசோதனை செய்தாரா என்று மட்டும் கேளுங்கள். குடும்பத்தில் நீரிழிவு இருப்பதால் அதைத் தவறவிடக் கூடாது.

இதை வாசிக்கும் மற்றவர்களில் கிளிக்கிளசைட் குளிசை போடுபவர்களும் இன்சுலின் ஏற்றுபவர்களும் இருப்பீர்கள். கறுவாக் கப்சியூலையும் சேர்த்துக்கொண்டு சாப்பாட்டையும் குறைத்தால் சீனி 70இற்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணிநேரத்தில் திரும்ப அளந்து பாருங்கள்.

உங்கள் அப்பாவுக்குக் கிளினிக் போகும்வரை காலையில் ஒருமுறை, இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிநேரத்தில் ஒருமுறை சீனி அளந்து கொப்பியில் எழுதுங்கள். 300ஐத் தாண்டினால், அல்லது விடாத வாந்தி, தாங்காத தாகம், தடுமாறும் பேச்சு, வழமைக்கு மாறான நித்திரை மயக்கம் ஏதாவது கண்டால் கிளினிக் நாளைப் பார்க்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்து நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.